எலி படத்தால் 3 நாளில் வாபஸான ஆய்வுக் கட்டுரை... ஆய்வுப் படம் அலங்காரமா, ஆதாரமா?

ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியாகி மூன்றே நாளில் திரும்பப் பெறப்படுவது அரிதான விஷயம். அதுவும் உள்ளே இருந்த எழுத்துக்காக இல்லாமல், படத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டது என்றால்? 2024 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. ஒரு எலி படம் சமூக வலைதளங்களில் சந்தி சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு எழுந்த கேள்விதான் சீரியஸானது. ஆய்வுக் கட்டுரையில் வரும் படம், பக்கத்தை நிரப்பும் அலங்காரமா? இல்லை, அதுவும் ஆதாரத்தில் ஒரு பகுதியா?

அப்படி என்ன இருந்தது அந்தப் படத்தில்?

'ஃபிரான்டியர்ஸ் இன் செல் அண்ட் டெவலப்மென்டல் பயாலஜி' என்ற ஆய்விதழில் 2024 பிப்ரவரி 13-ம் தேதி அந்தக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் சீனாவின் சியான் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள். விந்தணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் தலைப்பு.

முதல் படத்தில் ஒரு எலி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் ஆணுறுப்பு எலியின் உடம்பை விடப் பெரியது. பக்கத்தில் அம்புக்குறி போட்டு பெயர்கள் எழுதியிருக்கிறது. 'டெஸ்ட்டோம்செல்ஸ்' என்று ஒரு பெயர். அப்படி ஒரு வார்த்தை உயிரியலில் மட்டுமல்ல, எந்த அகராதியிலும் கிடையாது. எலியைக் காட்டி 'ரேட்' என்று எழுதியிருந்தது மட்டும் சரி!

இந்தப் படங்களை 'மிட்ஜர்னி' என்ற ஏஐ செயலி மூலம் உருவாக்கியதாகக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். அதாவது யாரும் எதையும் மறைக்கவில்லை. கட்டுரை சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வையும் தாண்டித்தான் வந்தது. மதிப்பாய்வாளர்களில் ஒருவர் படங்கள் குறித்துக் கேள்வி எழுப்பியதாகவும், கட்டுரையாளர்கள் அதற்குப் பதில் அளிக்கவில்லை என்றும் பதிப்பகமே பின்னர் சொன்னது. பிப்ரவரி 16-ம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

சிரிப்பு வராத படம்தான் ஆபத்து

எலி படத்தை எல்லோரும் பகிர்ந்தார்கள். அதே கட்டுரையில் வேறு படங்களும் இருந்தன. செல்லுக்குள் சமிக்ஞை எப்படிப் பயணிக்கிறது என்று காட்டும் படம் அதில் ஒன்று. வண்ண வண்ண உருண்டைகள், வளைந்த அம்புகள், நிறைய எழுத்துகள். மேலோட்டமாகப் பார்த்தால் பாடப்புத்தகத்தில் வருவது போலவே இருக்கும். கிட்டப் போய் வாசித்தால் எதற்கும் அர்த்தம் இல்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்தப் படத்தைப் பார்த்துத்தான். எலி படம் தப்பு என்று பள்ளி மாணவருக்கும் தெரியும். சமிக்ஞைப் படம் தப்பு என்று கண்டுபிடிக்க அந்தத் துறையில் படித்திருக்க வேண்டும். அழகாக இருக்கும் தப்பு, அசிங்கமாக இருக்கும் தப்பை விட அதிக தூரம் போகும்.

ஒரு படத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

ஆய்வுக் கட்டுரையை யாரும் கதைப்புத்தகம் மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பதில்லை. தலைப்பைப் பார்ப்பார்கள், சுருக்கத்தைப் பார்ப்பார்கள். அடுத்து கண் போவது படங்களுக்குத்தான். பல பேருக்கு அந்தக் கட்டுரையில் நினைவில் நிற்பதும் படம் மட்டும்தான். வகுப்பில் பாடம் எடுப்பவர் ஸ்லைடில் போடுவதும் அதைத்தான். செய்தியாளர்கள் செய்தியோடு சேர்த்து வெளியிடுவதும் அதைத்தான்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் டிஎன்ஏ. 1953 ஏப்ரல் 25-ம் தேதி 'நேச்சர்' இதழில் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தை விளக்கி எழுதிய கட்டுரை, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவுதான். அதில் இருந்தது ஒரே ஒரு படம். வரைந்தவர் கிரிக்கின் மனைவியும் ஓவியருமான ஓடில் கிரிக்.

அந்தப் படத்தில் இருப்பது இரண்டு நாடாக்கள், நடுவில் படிகள் மாதிரி சில கம்பிகள், ஒரு செங்குத்துக் கோடு. படக்குறிப்பில் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நாடா என்றால் சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த சங்கிலி. கம்பி என்றால் அந்தச் சங்கிலிகளை இணைக்கும் ஜோடிகள். செங்குத்துக் கோடு நடு அச்சு. இது விளக்கத்துக்காக வரைந்த படம்தான், மூலக்கூறின் நேரடித் தோற்றம் இல்லை என்பதையும் அங்கேயே சொல்லியிருந்தார்கள்.

70 ஆண்டுகளைத் தாண்டியும் டிஎன்ஏ என்றதும் உலகம் முழுக்க மனதில் வருவது அந்த வடிவம்தான். காரணம் வெறும் ஓவியத் திறமை மட்டும் இல்லை. அதில் வேலை இல்லாத கோடு ஒன்றுகூட இல்லை. எந்தக் கோட்டைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டாலும் வரைந்தவர்களிடம் பதில் இருந்தது. 2024 எலி படத்தில் இல்லாமல் போனது அந்தப் பதில்தான்.

ஏஐ இல்லாமலே நடக்கும் தப்புகள்

சரி, ஏஐ-யைத் தள்ளி வைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா? இல்லை. மனிதர்கள் கைப்பட உருவாக்கும் ஆய்வுப் படங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சில தப்புகள் உண்டு.

1. எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிப்பது

நான்கு வருட ஆய்வை ஒரே படத்தில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் இருபது பெட்டிகள், முப்பது அம்புகள் போடுவார்கள். பார்ப்பவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. ஒரு படம் ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். அந்த விஷயத்தை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால், அதை இரண்டு படமாகப் பிரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

2. ஒரே அம்புக்குறிக்கு ஒன்பது அர்த்தம்

அம்புக்குறி ரொம்ப எளிமையானது போலத் தோன்றும். அதனாலேயே அதிகம் குழப்புவதும் அதுதான். 'இதிலிருந்து இது உருவாகிறது', 'இது அதைத் தூண்டுகிறது', 'இது இங்கிருந்து அங்கே நகர்கிறது', 'இதைக் கவனியுங்கள்' என எல்லாவற்றுக்கும் ஒரே அம்பைப் போட்டால் வாசகர் என்ன செய்வார்? உயிரியலில் இதற்காகவே ஒரு வழக்கம் உண்டு. தூண்டுதல் என்றால் கூர்முனை அம்பு. தடுத்தல் என்றால் முனையில் குறுக்குக்கோடு. இந்த இரண்டும் மாறிப்போனால், ஒரு மருந்து நோயைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்பதே தலைகீழாகிவிடும்.

3. நிறத்தை அழகுக்காக மட்டும் போடுவது

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. இந்தக் குறைபாடு எல்லா நாட்டிலும் உண்டு. சிவப்புக் கோடு ஒரு மருந்து, பச்சைக் கோடு இன்னொரு மருந்து என்று போட்டால், அவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வானவில் நிறங்கள். வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றைக் காட்ட நீலம் முதல் சிவப்பு வரை எல்லா நிறத்தையும் பயன்படுத்தும் பழக்கம் பல வருடங்களாக இருக்கிறது. வானவில்லில் எது அதிகம், எது குறைவு என்று கண்ணுக்கு இயல்பாகத் தெரியாது. மஞ்சள் பளிச்சென்று இருப்பதால், அங்கே முக்கியமான மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் கண் அங்கேதான் போகும்.

இதன் விளைவு என்ன என்பதை 2011-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். இதய ரத்தக் குழாய்களின் படங்களை மருத்துவ மாணவர்களிடம் கொடுத்து, பாதிப்பு வரக்கூடிய இடங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வானவில் நிறத்தில் முப்பரிமாணப் படமாகக் கொடுத்தபோது 39 சதவிகிதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். அதே தகவலைத் தட்டையான படமாக்கி, நிறங்களையும் ஒழுங்காக மாற்றிக் கொடுத்ததும் அது 91 சதவிகிதம் ஆனது. நோயாளியின் தகவல் மாறவில்லை, கருவி மாறவில்லை. மாறியது வரைந்த விதம் மட்டும்தான்.

இந்த மாதிரி காரணங்களால்தான், உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 'மேட்பிளாட்லிப்' மென்பொருள் 2017-ல் தனது இயல்பு நிறத் தொகுப்பை மாற்றியது. அதுவரை இருந்த வானவில் பாணிக்குப் பதிலாக 'விரிடிஸ்' வந்தது. அடர் ஊதாவில் தொடங்கி பச்சை வழியாக மஞ்சளுக்குப் போகும் இந்தத் தொகுப்பில் வெளிச்சம் சீராக ஏறும். கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்தாலும் புரியும்.

4. பார் சார்ட்டின் அடியை வெட்டுவது

உதாரணத்துக்கு, ஒரு முறையில் 82 மதிப்பெண், இன்னொரு முறையில் 84 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் வெறும் 2. ஆனால் அச்சை பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 80-ல் தொடங்கினால், இரண்டாவது பார் முதல் பாரைப் போல இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். எண்ணில் பொய் இல்லை, படத்தில் இருக்கிறது.

5. சராசரிக்குப் பின்னால் ஒளிவது

1973-ல் பிரான்சிஸ் அன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கினார. ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்குக்கும் சராசரி கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டு அளவுகளுக்கு இடையிலான தொடர்பைச் சொல்லும் எண்ணும் ஒன்றுதான். ஆனால் படமாக வரைந்தால் ஒன்று சாய்ந்த கோடு மாதிரி, ஒன்று வளைவு, மற்ற இரண்டும் ஒரே ஒரு தனிப் புள்ளியால் திசை மாறியவை. எண்ணை மட்டும் பார்த்தவருக்கு நான்கும் ஒன்று. படத்தைப் பார்த்தவருக்கு நான்கும் வேறு.

2015-ல் 'பிளாஸ் பயாலஜி' இதழில் வெளியான ஆய்வு இதையே இன்றைய கட்டுரைகளுக்குப் பொருத்திப் பார்த்தது. உடலியல் துறையின் 700-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை அலசிய அந்தக் குழு சொன்ன யோசனை எளிமையானது: சிலரை மட்டும் வைத்து நடந்த ஆய்வு என்றால் சராசரியை மட்டும் காட்டும் பார் வேண்டாம், ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகப் போட்டுவிடுங்கள். பத்து பேரில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகாமல், ஒருவருக்கு மட்டும் பெரிய மாற்றம் வந்திருந்தால் அது அப்போதுதான் வெளியே தெரியும்.

விடுபட்ட புள்ளிகள்: சேலஞ்சர் சொல்லும் பாடம்

படத்தில் எதைப் போடுகிறோம் என்பது போலவே, எதை விடுகிறோம் என்பதும் முக்கியம். இதற்கு உதாரணம் ஆய்வுக் கட்டுரையில் இருந்து வரவில்லை. ஆனால் வரைபடம் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் காலை நாசாவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட வேண்டும். கடும் குளிர். ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த 'ஓ-ரிங்' என்ற ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்று, அந்த ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் பயந்தார்கள். 'ஏவ வேண்டாம்' என்றே சொன்னார்கள். ஃபேக்ஸில் விளக்கப் பக்கங்களையும் அனுப்பினார்கள்.

அன்று பேச்சில் முக்கியமாக வந்தவை, வளையங்கள் பாதிக்கப்பட்ட முந்தைய பயணங்கள். ஒன்று சுமார் 12 டிகிரி செல்சியஸ் குளிரில் நடந்தது, இன்னொன்று 24 டிகிரியில் நடந்தது. குளிரிலும் பாதிப்பு, வெயிலிலும் பாதிப்பு. அப்படியென்றால் வெப்பநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி வந்தது. ஏவுவது என்று முடிவானது. மறுநாள் புறப்பட்ட 73 விநாடிகளில் சேலஞ்சர் சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள்.

பிறகு விசாரணை நடத்திய ரோஜர்ஸ் ஆணையம், பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து ஒரே படத்தில் போட்டது. சுமார் 19 டிகிரி அல்லது அதற்கு மேல் நடந்த 20 பயணங்களில் 3-ல் மட்டும் பாதிப்பு. சுமார் 17 டிகிரி அல்லது அதற்குக் கீழ் நடந்த 4 பயணங்களில் நான்கிலுமே பாதிப்பு. ஏவப்பட்ட அன்று வெப்பநிலை சுமார் 2 டிகிரி. அந்தப் புள்ளிகளை ஒன்றாகப் பார்த்தால் விளக்கமே தேவையில்லை.

ஒரு நல்ல படம் இருந்திருந்தால் அந்த 7 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சிலர் வாதிடுவதுண்டு. தரவு வரைபட நிபுணர் எட்வர்ட் டஃப்டி 1997-ல் எழுதிய புத்தகத்தில் அந்த இரவின் விளக்கப் பக்கங்களைக் கடுமையாக விமர்சித்தார். அந்தப் பொறியாளர்கள் தரப்பு அதை ஏற்கவில்லை. எச்சரிக்கை தெளிவாகவே சொல்லப்பட்டது, முடிவெடுத்தவர்கள்தான் கேட்கவில்லை என்பது அவர்கள் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நிர்வாகத்தின் தப்பை ஒரு வரைபடத்தின் தலையில் கட்ட முடியாது. அதேசமயம், பாதிப்பு இல்லாத பயணங்களும் கண்முன் இருந்திருந்தால், 'வெப்பநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

ஆய்விதழ்கள் இப்போது என்ன செய்கின்றன?

படத்தில் நடக்கும் தப்பு எல்லாமே கவனக்குறைவு இல்லை. நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் மற்றும் அவரது சகாக்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 20,621 கட்டுரைகளின் படங்களைச் சரிபார்த்தார்கள். அதில் 3.8 சதவிகிதக் கட்டுரைகளில் சந்தேகத்துக்குரிய படங்கள் இருந்தன. ஏறக்குறைய 26 கட்டுரைக்கு ஒன்று. ஒரே படத்தை வேறு சோதனையின் முடிவு என்று மறுபடி போடுவது, திருப்பிப் போடுவது, வெட்டி ஒட்டுவது போன்றவை. இவற்றில் பாதிக்காவது வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறிகள் இருந்ததாக அந்த ஆய்வு சொன்னது.

'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' 2002-லேயே, வெளியிட ஏற்ற கட்டுரைகளின் படங்களைத் தனியாகச் சோதிக்கத் தொடங்கியது. ஏஐ விஷயத்தில் 'நேச்சர்' இதழ் 2023 ஜூனில் முடிவை அறிவித்தது. ஏஐ பற்றிய கட்டுரைகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, ஏஐ உருவாக்கிய படங்களையும் வீடியோக்களையும் வெளியிடுவதில்லை என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது, ஒரு படம் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்க முடிய வேண்டும் என்பது. எலி படம் வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து, வேறொரு பதிப்பகத்தின் இதழில்!

பிஎச்டி பண்றவங்க கவனிக்க வேண்டியது

* வரைவதற்கு முன், படம் சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அந்த வாக்கியத்துக்கு உதவாத எதையும் படத்தில் வைக்க வேண்டாம்.
* முதலில் பென்சிலும் பேப்பரும் போதும். மென்பொருளைத் திறந்ததும் நிறத்திலும் நிழலிலும் நேரம் போய்விடும்.
* கோடுகளின் பெயரை ஓரத்தில் பெட்டி போட்டு எழுதாமல், கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். கண் முன்னும் பின்னும் அலையாது.
* நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்று முழுக்கோடு, ஒன்று புள்ளிக்கோடு என்று வடிவத்திலும் வித்தியாசம் காட்டுங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பிரின்ட் எடுத்துப் பாருங்கள்.
* அச்சிடும் அளவிலேயே சோதியுங்கள். 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய படத்தின் அகலம் 89 மில்லிமீட்டர்தான். லேப்டாப் திரையில் பெரிதாகத் தெரிந்த எழுத்து அங்கே எறும்பு மாதிரி ஆகிவிடும்.
* கோட்டுப் படங்களை ஜேபெக் ஆகச் சேமிக்க வேண்டாம். பிடிஎஃப், எஸ்விஜி போன்ற வடிவங்களில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது.
* கட்டுரையை வாசிக்காத ஒரு நண்பரிடம் படத்தை மட்டும் காட்டுங்கள். 'இதுல என்ன புரியுது?' என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் எழுதிய வாக்கியத்தோடு ஒத்துப்போனால் படம் தயார். இல்லையென்றால் அவரைத் திருத்த வேண்டாம், படத்தைத் திருத்துங்கள்.

ஆய்வாளர் அல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

வாட்ஸ்அப்பில் தினமும் 'ஆய்வு சொல்கிறது' என்று ஏதாவது ஒரு கிராஃப் வந்துகொண்டுதான் இருக்கிறது. மருந்து, உணவு, பொருளாதாரம் என்று எதுவாக இருந்தாலும், ஃபார்வர்டு செய்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்கலாம். அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா? எத்தனை பேரை வைத்து நடந்த ஆய்வு என்று இருக்கிறதா? காட்டாமல் விட்ட வருடமோ, விட்ட பிரிவோ ஏதாவது இருக்கிறதா? இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, அரை நிமிடம் போதும்.

ஏஐ செயலிகளுக்கு இன்று எலி வரையத் தெரிகிறது, செல் வரையத் தெரிகிறது. நாளை எழுத்துப்பிழை இல்லாமலும் வரையும். அப்போது சிரித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் படம் எதில் வரையப்பட்டது என்பதை விட, அதில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் பொறுப்பேற்று பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி.